ஸ்பெருலைட்: 'கோளப்படிகம்' வேண்டாம், 'கதிர்க்கோளம்' என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

உருகிய பலபடி (பாலிமர்) குளிரும்போது அதனுள் வளரும் நுண்ணிய உருண்டை அமைப்பே ஸ்பெருலைட். அதற்குத் தமிழில் 'கோளப்படிகம்' என்று நேற்று நண்பர் ஒருவர் முன்மொழிந்தார். ஓசை நன்றாக இருக்கிறது. பொருளில்தான் எனக்குத் தடை. அச்சொல்லைப் படிக்கும் மாணவர், உருண்டையான ஒற்றைப் படிகம் என்றே எடுத்துக்கொள்வார். பலபடியில் நடப்பது அதுவன்று. நீண்ட சங்கிலிகள் மடிந்து மடிந்து, ஏறத்தாழ 10 நானோமீட்டர் தடிமனுள்ள தகடுகளாகின்றன. அத்தகடுகள் ஒரு நடுவிலிருந்து எல்லாத் திசையிலும் கிளைத்து நீள்கின்றன. ஒழுங்கில் சேராத சங்கிலிகளும் இடையிடையே சிக்கிக் கிடக்கின்றன.

ஆகவே 'கதிர்க்கோளம்' என்கிறேன். பாலிப்ரொப்பிலீன் துணுக்கு ஒன்றைக் கண்ணாடி வில்லைகளுக்கு இடையே வைத்து 200 டிகிரி செல்சியஸில் உருக்கி, 135 டிகிரிக்கு இறக்கி, குறுக்காக வைத்த இரு தளவிளைவாக்கிகளுக்கு (ஒளியை ஒரே தளத்தில் அதிரவிடும் வடிகட்டிகள்) நடுவே நுண்ணோக்கியில் பாருங்கள். முதலில் முழு இருட்டு. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒளிப்புள்ளிகள். ஒவ்வொன்றும் வட்டமாக விரியும், நடுவே கருஞ்சிலுவை தெரியும். இரண்டு வட்டங்கள் முட்டும் இடத்தில் வரப்புப் போட்டதுபோல் ஒரு கோடு விழும்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. கோளமாவதற்கு முன், தகடுகள் இடுப்பில் இறுக்கிக் கட்டிய நெற்கதிர்க் கட்டைப்போல இருமுனையிலும் விரிந்து நிற்கும். ஒளிக்கதிர், நெற்கதிர் என இரு பொருளும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது அதை ஏன் விடவேண்டும்? கதிரியக்கத்தோடு குழம்பும் என்று ஒருவர் அஞ்சியிருந்தார். சூரியனுக்கும் வயலுக்கும் நூல் நூற்பதற்கும் இதே சொல்லைத்தான் காலங்காலமாக வைத்திருக்கிறோம், யாரும் குழம்பியதில்லை.

சொல் வாக்கியத்தில் உட்காருகிறதா என்றும் எழுதிப் பார்த்தேன்: "உருகுநிலைக்கு அருகே கருக்கள் (படிகம் வளரத் தொடங்கும் புள்ளிகள்) அரிதாகவே தோன்றும், கதிர்க்கோளங்கள் எண்ணிக்கையில் குறைந்து, பெருத்து வளரும், தகடுகளும் தடிக்கும். சட்டென்று குளிர்வித்தால் கருக்கள் பெருகிக் கதிர்க்கோளங்கள் பொடியாகும்." வளர்வேகத்துக்கும் இடறவில்லை: "பெட் பிளாஸ்டிக் உருகுவது ஏறத்தாழ 255 டிகிரியில், சங்கிலிகள் அசைவற்று உறைவது 75 டிகிரியை ஒட்டி. கதிர்க்கோள வளர்வேகம் இவ்விரண்டுக்கும் நடுவில் உச்சம் தொடும்." வெப்பநிலை மேலே போனால் படிகமாகும் உந்துதல் குறைவு, கீழே போனால் சங்கிலி நகர முடியாது என்ற காரணத்தையும் அடுத்த வரியில் சேர்த்துவிடலாம்.

மேலே சொன்ன தகடுகளை ஆங்கிலத்தில் லெமெல்லா என்பார்கள்; அதற்கு மட்டும் வெறும் 'தகடு' போதாது. உலோகத் தகடு நினைவுக்கு வருகிறது. 'மென்தகடு' என்று வைத்துக்கொள்ளலாமா? மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.