ஆறு வருட ஏசி, போர்டு போச்சு: 11,800 கொடுத்து மாற்றுவதா, புதிதே வாங்குவதா?

மடிப்பாக்கத்துக்காரன்
2019 கோடையில் வாங்கிய ஒன்றரை டன் இன்வர்ட்டர் ஏசி. போன வாரம் இடி மழையில் கரண்ட் இரண்டு மூன்று முறை போய்ப் போய் வந்தது, மறுநாளிலிருந்து உள்ளே காற்று மட்டும்தான் வருகிறது, மாடியில் இருக்கும் அவுட்டோர் யூனிட் மூச்சே விடவில்லை. கம்பெனி சர்வீஸிலிருந்து வந்த தம்பி மூடியைக் கழற்றிப் பத்து நிமிடம் பார்த்தார், "பிசிபி போயிடுச்சு சார்" என்றார், ஏசியை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டுதான் அது. போர்டு 11,800, வந்து பார்த்ததற்கு 590 தனி. கடையில் பத்து வருட வாரண்டி என்றார்களே என்று கேட்டால், அது கம்ப்ரஸருக்கு மட்டுமாம். கிளம்பும்போது, ஏசிக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 ஆகிவிட்டது, எக்ஸ்சேஞ்சில் புதிதாகவே பாருங்கள் என்று யோசனை வேறு. அம்மா வீட்டில் 1994ல் வாங்கிய ஃப்ரிட்ஜ் இன்னும் ஓடுகிறது, இதற்கு ஆறு வருடம்தான் ஆயுளா? என்ன செய்யலாம்?

ஸ்பானர் கை
ஏசி வேலைதான் எனக்கு, 14 வருடமாக. கம்ப்ரஸர் லேசில் போகாது சார், அதனால்தான் அதற்குப் பத்து வருடம் எழுதித் தருகிறார்கள். போவது போர்டுதான். வோல்டேஜ் எகிறினால் முதலில் அடி வாங்குவது ஃப்யூஸும், எகிறும் வோல்டேஜைத் தாங்கிக்கொள்ளும் வேரிஸ்டர் என்ற சின்னப் பாகமும், இரண்டும் சில்லறைக் காசு சாமான். கம்பெனி ஆட்கள் அதைப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள், முழு போர்டையும் மாற்றுவதுதான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வேலை. போர்டைக் கழற்றி, சென்னை எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் காட்டுங்கள். அதன் மேல் பிசின் மாதிரி ஊற்றி மூடியிருந்தால் கஷ்டம். நீங்களே கழற்றிவிடாதீர்கள், மெயினை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும், உதறிவிடும். அப்புறம், ஸ்டெபிலைசர் தேவையில்லை என்று பெட்டியில் போட்டிருப்பதெல்லாம் ஒரு வோல்டேஜ் அளவுக்குள்தான்.

திருச்சி மலர்
அண்ணா சொல்வது சரி, ஆனால் எனக்கு நடந்தது வேறு. 2,500க்கு போர்டை ரிப்பேர் செய்தேன், நாலே மாதத்தில் திரும்பப் போய்விட்டது, கடைசியில் புது போர்டும் வாங்கினேன். அதனால் எத்தனை மாதம் கியாரண்டி என்று பில்லில் எழுதி வாங்குங்கள். அதைவிட எரிச்சல் காஸ் கதை. மூன்று கோடையாக ஒருவர் வந்து "காஸ் குறைஞ்சிருக்கு" என்று டாப் அப் செய்துவிட்டுப் போவார். காஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்வதற்கு? மூடிய குழாய்க்குள்ளேயேதானே சுற்றுகிறது, குறைந்தால் எங்கோ ஓட்டை என்று பிறகுதான் தெரிந்தது. நாலாவதாக வந்தவர் நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்த்தார், ஒரு நட்டு பக்கத்தில் குமிழ் குமிழாக வந்தது. இறுக்கி, வேக்யூம் போட்டு (குழாயில் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்து), காஸ் நிரப்பினார். அதற்கப்புறம் பிரச்சினை இல்லை.

பழைய ரேடியோ
அந்த 1994 ஃப்ரிட்ஜைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த வருடம் வாங்கியதில் காயலான் கடைக்குப் போனவற்றை யாரும் நினைவில் வைப்பதில்லை, மிச்சம் நிற்பதை மட்டும் காட்டி "அந்தக் காலத்துப் பொருள்" என்கிறோம். அது குடிக்கிற கரண்டையும் ஒருமுறை பாருங்கள். ஆனால் உதிரிபாக விலை அநியாயம்தான், அதில் மறுப்பில்லை. பழுது பார்க்கும் உரிமைக்கு என்று மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு இணையதளம் தொடங்கியது, அது சட்டமில்லை, தகவல் பார்க்கத்தான். பில்லில் தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள்.

மடிப்பாக்கத்துக்காரன்
எல்லோருக்கும் நன்றி. தெரிந்த மெக்கானிக் நேற்று போர்டைக் கழற்றினார். பின்பக்கம் ஒரு பல்லி கருகி ஒட்டிக்கொண்டிருந்தது, அதன் பக்கத்தில் மிளகு அளவுக்கு ஒரு கரும்புள்ளி. பத்து நிமிடம் பார்த்த தம்பி இதைப் பார்க்கவே இல்லை போல. ரிச்சி ஸ்ட்ரீட்டில் 1,800, மூன்று மாதம் கியாரண்டி, மலர் சொன்னபடி எழுதியே வாங்கினேன். இப்போதைக்கு ஓடுகிறது. ஸ்டெபிலைசர் எத்தனை கேவிஏ வாங்குவது, ஸ்பானர் கை அண்ணா?