வளையக் காவல்: ஒரு கலைச்சொல் முன்மொழிவும் மறுமொழிகளும்

மடல் 1

கூடைப்பந்துக் கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

என்.பி.ஏ. (வட அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) ஆட்டக்காரர் விக்டர் வெம்பன்யாமாவை அதே லீகின் ரூடி கோபேரோடு ஒப்பிட்டுத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் பத்தியிலேயே, எதிராளி கூடை வளையத்தருகே எளிதாகப் புள்ளி எடுக்காமல் காப்பதைக் குறிக்கும் ஒரு சொல் இடறுகிறது: 'ரிம் புரொடெக்‌ஷன்'. கூடைத் தடுப்பு, எறிவுத் தடுப்பு, வளையப் பாதுகாப்பு என்று மூன்று சொற்கள் இங்கே முன்வைக்கப்பட்டுள்ளன. 'தடுப்பு' என்று முடியும் இரண்டையும் விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

காரணம் இது. 'பிளாக்' என்பதற்கு நாம் ஏற்கெனவே தடுப்பு என்றுதான் எழுதுகிறோம். எதிராளி எறிந்த பந்தில் கைபட்டால்தான் அது கணக்கில் ஏறும். வளையத்தருகே நிற்கும் நல்ல சென்டரின் (அணியின் உயரமான நடு ஆட்டக்காரரின்) வேலையில் பெரும்பகுதி எறியப்படாத பந்துகளைப் பற்றியது. 2023-24 பருவத்தையே பாருங்கள். தன் முதல் பருவத்தில் வெம்பன்யாமா ஆட்டத்துக்கு 3.6 தடுப்புகளோடு என்.பி.ஏ.யில் முதலிடம். கோபேருக்கு 2.1தான். ஆனாலும் ஆண்டின் சிறந்த தற்காப்பாளர் விருது கோபேருக்கே போனது. அது அவருக்கு 4-வது முறை. அவருடைய மினசோட்டா அணியின் தற்காப்பே அப்பருவத்தில் லீகில் முதலாவது. தடுப்பையும் காவலையும் ஒரே சொல்லால் குறித்தால் இந்த முடிவைத் தமிழில் விளக்கவே முடியாது.

ஆகவே வளையக் காவல். செய்பவர் வளையக் காவலர். காவல் என்றாலே திருடன் வராமல் இருப்பதும் அதில் அடக்கம். 'பாதுகாப்பு' பொருளில் பிழையில்லை, ஆனால் அட்டவணைத் தலைப்புக்கு நீளம். 'தற்காப்பு' பக்கத்திலேயே வரும்போது கண் குழம்பும்.

இருவரும் காவலர்களே என்றாலும் வேலை வேறு. கோபேரின் காவலைக் கிட்டத்தில் பார்ப்போம். திரையை (தற்காப்பாளரை மறித்து நிற்கும் கூட்டாளியை) சுற்றிக்கொண்டு பந்தோடு ஒருவர் உள்ளே வருகிறார். திரையிட்டவர் வளையத்தை நோக்கி ஓடுகிறார். கோபேர் இருவருக்கும் நடுவே, முகம் பந்தைப் பார்த்தபடி, ஒரு கை மேலேயும் ஒரு கை பந்து கடத்தும் வழியிலுமாகப் பின்வாங்கிக்கொண்டே இருப்பார். முந்திக் குதித்தால் பந்து தலைக்கு மேலே கூட்டாளிக்குப் போய்விடும். பிந்தினால் எதிராளி நேரே ஏறிவிடுவார். கை உயர்த்தி நிற்கையில் அவருடைய கை எட்டும் உயரம் 9 அடி 7 அங்குலம், வளையம் 10 அடி. ஆகவே அவர் அவசரப்பட வேண்டியதில்லை. இதை நிலைக்காவல் எனலாம்.

வெம்பன்யாமாவைப் பல வேளைகளில் வெளியிலிருந்து எறியத் தெரியாத ஆட்டக்காரரைக் காக்க நிறுத்துவார்கள். அவரை விட்டுவிட்டுப் பந்து போகும் பக்கமெல்லாம் உதவிக்கு வருவார். மூலையில் மூன்று புள்ளி எறிபவரை நோக்கிப் பாய்ந்து, அவர் எறியாமல் உள்ளே நுழைந்தால் திரும்பி வந்து பின்னாலிருந்தே தட்டுவார். 8 அடிக் கைவீச்சு இருப்பதால்தான் இது நடக்கிறது. இதற்குச் சுற்றுக்காவல் என்பதை முன்மொழிகிறேன்.

மடல் 2

ஐயா, வளையக் காவல் எனக்கும் உடன்பாடே. 'நிலைக்காவல்' பற்றித்தான் ஒரு தடை. எதிராளி எவரையும் கையெட்டும் தூரத்தில் காக்காமல் வளையத்தின் முன்னுள்ள வண்ணக்கட்டத்துக்குள் 3 வினாடிக்கு மேல் நிற்பது என்.பி.ஏ. விதிப்படி குற்றம், எதிரணிக்கு ஓர் இலவச எறிவும் பந்தும் கிடைக்கும். சொல்லைப் பார்த்துப் புதிய வாசகர் அசையாமல் நிற்பது என்று எடுத்துக்கொள்வார். நீங்கள் விவரித்ததே பின்வாங்கும் அசைவுதானே? 'இறங்குகாவல்' என்றால் கண்முன் நிற்கும்.

இன்னொன்று. இந்தக் காவலின் விளைவுக்கும் ஒரு சொல் வேண்டும். 'அரண்' இருக்கிறது. உயர்வு, அகலம், திண்மை, அருமை ஆகிய நான்கும் அமைந்தது அரண் என்று குறள் (743) வரையறுக்கிறது. உயரத்திலும் கைவீச்சின் அகலத்திலும் வெம்பன்யாமா முந்துவார். திண்மையில் கோபேர்; எடைமிக்க சென்டர் முதுகால் தள்ளும்போது இடம் பெயராமல் நிற்பது இளையவருக்கு இன்னும் கடினம். நான்காவதான அருமை, எதிரி நெருங்கவே அரிதாக இருப்பது. நாம் தேடுவது அதைத்தான்.

மடல் 3

தடை சரியே. நிலை என்று நான் கொண்டது காவல்நிலை என்ற பொருளில். ஆனால் விளக்கம் தேவைப்படும் சொல்லைவிட விளக்கம் வேண்டாத சொல் மேல். இறங்குகாவலை ஏற்கிறேன். இது சென்டர் வளையத்தை நோக்கிப் பின்வாங்கும் 'டிராப்' உத்திக்கும் அப்படியே பொருந்தும். சுற்றுக்காவல் இருக்கட்டும்.

அரண் ஆளுக்கு வேண்டாம், அளவுக்கு வைப்போம். காவலர் களத்தில் இருக்கும்போதும் இல்லாதபோதும் எதிரணியின் மொத்த எறிவுகளில் எத்தனை விழுக்காடு வளையத்தருகே நடக்கிறது என்ற வேறுபாட்டுக்கு 'அரண் அளவு'. அங்கே எறிந்தவற்றில் எத்தனை விழுந்தன என்பது தனி நிரல்: 'காவலில் விழுந்த விழுக்காடு'. இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம். எதிராளிகள் எளிதான பந்துகளை மட்டும் எறிந்தால் விழுக்காடு கூடும், காவலர் மோசம் போலத் தோன்றும். உண்மையில் கடினமானவற்றை எறிய அவர்களுக்குத் துணிவு வரவில்லை என்பதே செய்தியாக இருக்கலாம். அதோடு, மாற்று சென்டர் திறமையானவராக இருந்தால் அரண் அளவு சுருங்கிவிடும். அட்டவணையின் அடியில் அவர் பெயரையும் குறிக்க வேண்டும்.

கீழ்நோக்கி இறங்கும் பந்தைத் தொடும் 'கோல்டெண்டிங்' குற்றத்துக்கு 'இறங்குபந்துத் தீண்டல்' என்று எழுதிப் பார்த்தேன். நீளமாக இருக்கிறது. சுருக்கித் தர முடியுமா?