மரப் பராமரிப்புத் தொழிலில் முதல் வேலை பெறுவது எப்படி?

கேள்வி: இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் கிடங்கு வேலை செய்யும் நான், கயிற்றின் துணையுடன் மரமேறிக் கிளைகளை வெட்டிப் பராமரிக்கும் தொழிலுக்கு மாற விரும்புகிறேன். எல்லா விளம்பரங்களும் அனுபவம் கேட்கின்றன. மரமேறும் பயிற்சியை முதலில் முடித்துவிடலாமா?

பதில் 1: அதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். அனுபவமற்றவரை எந்த நல்ல குழுவும் உடனே மரத்தில் ஏற்றாது. வெட்டி விழும் கிளைகளை அகற்றி, அவற்றைச் சில்லுகளாக அரைக்கும் சிப்பர் இயந்திரத்தில் இட்டு, மேலே இருப்பவரின் கயிறுகளைக் கவனிக்கும் தரைப்பணியாளராகச் சேருவதே வழக்கமான நுழைவாயில். சங்கிலி ரம்பத்தைப் பராமரித்தல், குறுக்காக அறுத்தல் ஆகியவற்றுக்கான அடிப்படைச் சான்றிதழை சிட்டி அண்ட் கில்ட்ஸ் அல்லது லான்ட்ரா என்ற தொழிற்சான்று அமைப்புகள் வழியே பெற்றிருந்தால், உங்கள் விண்ணப்பத்தை மதித்துப் படிப்பார்கள்.

பதில் 2: ஓட்டுநர் உரிமம் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள், 2021 டிசம்பர் முதல் சாதாரண கார் உரிமத்துடனேயே 3,500 கிலோ வரையிலான டிரெய்லரை இழுத்துச் செல்லலாம் என்பதால், சிறு நிறுவனங்களுக்கு அது பெரிய உதவி. பின்னர் மரமேறுதலோடு, மேலே சிக்கியவரை மீட்கும் பயிற்சியையும் கட்டாயம் பெறுங்கள். ஒருவர் ஏறும்போது, அவரை மீட்கத் தெரிந்த இன்னொருவர் உரிய கருவிகளுடன் கீழே நிற்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத குழுவில், கூலி எவ்வளவு தந்தாலும் சேராதீர்கள். குறிப்பாக, பூஞ்சை நோயால் பட்டுவரும் ஆஷ் மரங்களின் கிளைகள் எதிர்பாராமல் முறியும். புதியவர் ஏறத் தக்க மரமல்ல அது.