கிறிஸ்துமஸ் விருந்து அழைப்பை மனம் நோகாமல் மறுப்பது எப்படி?

போர்ட்டர்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் தனியாகத் தங்கி வேலை பார்க்கிறேன். டிசம்பர் கடைசி வாரத்தை எந்த ஆரவாரமும் இல்லாமல் வீட்டிலேயே கழிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. சொல்லப்போனால், ஆண்டு முழுவதும் நான் ஆவலோடு காத்திருப்பது அந்த ஒரு வாரத்துக்காகத்தான். இம்முறை அலுவலகத்தில் உடன் பணிபுரியும் ஓர் அம்மையார், நான் தனியாக இருப்பேன் என்பதை அறிந்து, 25ஆம் தேதி மதிய விருந்துக்குத் தம் வீட்டுக்கு வரும்படி அழைத்திருக்கிறார். அவருடைய அன்பில் எனக்குச் சிறிதும் ஐயம் இல்லை. ஆனாலும் போக மனம் வரவில்லை.

அன்றைய நாளை நான் எப்படிக் கழிக்கிறேன் என்று சொன்னால்தான் என் தயக்கம் உங்களுக்குப் புரியும். 25ஆம் தேதி இந்த நாட்டில் பயணிகள் ரயில் ஓடுவதில்லை. எங்கள் ஊரில் டிராமும் பேருந்தும் கிடையாது. 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் அன்று திறக்கக் கூடாது என்று 2004ஆம் ஆண்டில் சட்டமே இயற்றியிருக்கிறார்கள். ஆகவே பாலும் காய்கறியும் முந்தைய நாளே வாங்கி வைத்துக்கொள்வேன். காலையில் எட்டு மணிக்குப் பிறகே பொழுது விடியும். மாலை நான்கு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். அந்தச் சிறிய பகலில் எண்ட்கிளிஃப் பூங்காவிலிருந்து போர்ட்டர் ஓடையை ஒட்டியே ஃபோர்ஜ் அணை வரை நடந்துவிட்டு வருவேன். கத்திக்கும் கத்தரிக்கும் பெயர்போன ஊர் இது; நீர்ச்சக்கரத்தால் சாணைக்கல்லைச் சுழற்றிய காலத்தில் வெட்டிய குளங்கள் அந்த வழி நெடுகிலும் இன்னும் இருக்கின்றன. மற்ற நாள்களில் நிமிர்ந்தும் பாராமல் கடந்து போகிறவர்கள் அன்று மட்டும் வலிய வந்து வாழ்த்துச் சொல்வார்கள். அந்த அளவு மனிதத் தொடர்பு எனக்குப் போதுமானது. வீடு திரும்பி, மிளகு ரசம் வைத்து, அப்பளம் பொரித்துச் சாப்பிட்டுவிட்டு உறங்கிவிடுவேன். அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சலும் வராது என்ற உறுதியோடு உறங்கும் உறக்கம் ஆண்டில் வேறு எந்த நாளிலும் வாய்ப்பதில்லை.

மதுரையிலிருக்கும் என் அம்மாவுக்குத்தான் இது பொறுக்கவில்லை. "நாளும் கிழமையுமா இப்படி ஒண்டியா உக்காந்திருக்கியேடா" என்று ஒவ்வோர் ஆண்டும் தொலைபேசியில் வருந்துவார். எங்கள் குடும்பத்தில் கிறிஸ்துமஸே கிடையாது என்பது வேறு விஷயம்.

என் கேள்வி இதுதான். இங்குள்ளவர்கள் இத்தகைய அழைப்பை மறுத்தால் அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்களா? வேறு ஊருக்குப் போகிறேன் என்று பொய் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை.

மான்செஸ்டர் மாமா எழுதியது:

தம்பி, மறுப்பதில் தவறே இல்லை. ஆனால் காலம் தாழ்த்தாமல் மறுத்துவிடுங்கள். நம் வீடுகளில் கூடுதலாக ஒருவர் வந்தால் சாம்பாரில் ஒரு கரண்டி தண்ணீர் சேர்த்துச் சமாளித்துவிடுவோம். இங்கே அன்றைய விருந்து தலைக்கணக்குப் பார்த்து ஏற்பாடாவது: வான்கோழியின் எடை, மேசையைச் சுற்றி நாற்காலி, தட்டுக்கு அருகே வைக்கும், இரு முனையையும் பிடித்து இழுத்தால் வெடித்துப் பிரியும் காகிதப் பட்டாசு, அதனுள்ளே இருக்கும் காகிதக் கிரீடம் வரை எல்லாமே ஆளுக்கு ஒன்று. கடைசி நேரத்தில் வரவில்லை என்று சொல்வதுதான் அவர்களுக்கு வருத்தம் தரும்.

காரணமும் பெரிதாகத் தேட வேண்டியதில்லை. "அழைத்ததற்கு மிக்க நன்றி, அன்று வீட்டில் அமைதியாக இருப்பதையே விரும்புகிறேன்" என்று ஒரே முறை தெளிவாகச் சொல்லுங்கள். நம் வழக்கப்படி "பார்க்கலாம்", "முயற்சி செய்கிறேன்" என்று இழுத்தால், அதை மறுப்பு என்று அவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உங்களுக்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்துவிடுவார்கள்.

வார்டு விளக்கு எழுதியது:

நான் இதற்கு மாறாகச் சொல்கிறேன். ஒரு முறையாவது போய்ப் பாருங்கள். நான் மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன். கிறிஸ்துமஸ் கொண்டாடும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லாததால், சிறு குழந்தைகள் உள்ள தோழிகளுக்கு விடுப்புக் கிடைக்கட்டும் என்று 25ஆம் தேதிப் பணியைப் பெரும்பாலும் நானே கேட்டு வாங்கிக்கொள்வேன். வீட்டுக்கு அனுப்பக்கூடிய நோயாளிகளையெல்லாம் முன்னதாகவே அனுப்பிவிடுவதால் வார்டே அமைதியாக இருக்கும். அந்த அமைதி எனக்கும் பிடித்ததுதான். ஆயினும் ஓர் ஆண்டு பணி இல்லாதபோது ஒரு வீட்டு விருந்துக்குப் போனேன். நான் அஞ்சிய அளவுக்கு அங்கே யாரும் என்னைப் பேச வைக்கவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு மன்னரின் உரை ஒளிபரப்பாகும். 1932இல் வானொலியில் தொடங்கிய வழக்கம் அது. அது முடிந்ததும் பாதிப்பேர் சோபாவிலேயே கண்ணயர்ந்துவிடுவார்கள். அப்போது விடைபெற்றால் யாரும் குறையாக எண்ண மாட்டார்கள்.

உண்மையான சிக்கல் திரும்பி வருவதில்தான் இருக்கிறது. பேருந்து இல்லாத நாளில் வேறொருவரின் காரை நம்பிப் போனால், நினைத்த நேரத்தில் எழுந்து வர முடியாது. அந்த அம்மையாரின் வீடு எவ்வளவு தொலைவு என்று முதலில் பாருங்கள்.

நீங்கள் சைவமாக இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மின்ஸ் பை, கிறிஸ்துமஸ் புட்டிங் ஆகிய இனிப்புகளில் உலர்பழங்கள்தானே இருக்கின்றன என்று எண்ணிவிடக் கூடாது. பழைய முறையில் செய்தால் அவற்றில் மாட்டுக் கொழுப்புச் சேரும். உருளைக்கிழங்கைக்கூட வாத்துக் கொழுப்பில் வறுப்பவர்கள் உண்டு. முன்கூட்டியே சொல்லிவிட்டால் கொட்டைப் பருப்புகளில் ஏதாவது தனியாகச் செய்து வைப்பார்கள்.

மேட்டுத்தெரு எழுதியது:

ஷெஃபீல்டில் இருந்துகொண்டு பாட்டுக்குப் போகாமல் இருக்கிறீர்களே! ஸ்டானிங்டன், டங்வொர்த் போன்ற சுற்றுவட்டார ஊர்களின் மதுக்கூடங்களில் நவம்பர் நடுவிலிருந்தே ஞாயிறு மதியங்களில் ஊர்க்காரர்கள் கூடிக் கிறிஸ்துமஸ் பாடல்களைப் பாடுவார்கள். தேவாலயங்களில் ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்ட உள்ளூர் மெட்டுகள் அந்த மதுக்கூடங்களில்தான் உயிர் பிழைத்தன என்று சொல்வார்கள். ஒரே பாடலுக்கு ஊருக்கு ஊர் வேறு மெட்டு இருக்கும். பலரும் மனப்பாடமாகவே பாடுவார்கள். ஒரு பழச்சாற்றை வாங்கிக்கொண்டு மூலையில் நின்றால் போதும். யாரும் நம்மை எதுவும் கேட்பதில்லை. ஊரில் மார்கழி பஜனையில், பாடத் தெரியாதவர்களும் ஜால்ராச் சத்தத்துக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நடப்போமே, அப்படித்தான் எனக்குத் தோன்றியது. உங்களைப் போன்ற அமைதி விரும்பிக்கு விருந்து மேசையைவிட இது ஏற்றது. விருப்பமிருந்தால் அந்த அம்மையாரையும் உடன் அழைத்துப் போங்கள். அழைப்பை மறுத்த குறையும் நீங்கிவிடும்.

போர்ட்டர்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. மாமா சொன்னபடி இன்று உணவு இடைவேளையில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடவில்லை. "அப்படியானால் 26ஆம் தேதி மாலை வந்து மிச்சத்தைத் தீர்த்துக் கொடுங்கள்" என்றார். அவர் வீடு நடந்து போய் வரக்கூடிய தொலைவில் இருப்பதால் இசைந்துவிட்டேன். நான் சைவம் என்பதையும், மின்ஸ் பையில் எந்தக் கொழுப்பைச் சேர்ப்பார்கள் என்ற ஐயத்தையும் அப்போதே தெரிவித்தேன். கடையில் வாங்கிய பெட்டியைப் பார்த்துச் சொல்வதாக அவர் கூறியிருக்கிறார். ஸ்டானிங்டனுக்கு வரும் ஞாயிறு நான் மட்டும் போய்ப் பார்ப்பதாக இருக்கிறேன். பிடித்திருந்தால் அடுத்த முறை அவரை அழைப்பேன். 26ஆம் தேதி கையில் எதைக் கொண்டு போவது என்பதுதான் இப்போது யோசனையாக இருக்கிறது. அம்மா அனுப்பிய முறுக்கு ஒரு டப்பா நிறைய இருக்கிறது. கடலை எண்ணெயில் சுட்டது என்பதால், அந்த வீட்டில் யாருக்காவது கடலை ஒவ்வாமை உண்டா என்று நாளை கேட்டுவிட வேண்டும்.