ஹீட் பம்புக்குத் தமிழ் வேண்டும் (வெள்ளி காலைக்குள்)

ச., ஸ்காபரோ. செவ்வாய் இரவு

சொல்லாக்க மடற்குழும உறவுகளுக்கு வணக்கம். வீடு வாங்கப் போகும் தமிழ்க் குடும்பங்களுக்காக எட்டுப் பக்கக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். குளிர்காலச் செலவைக் குறைக்க வீட்டில் என்னென்ன வேலை செய்திருக்கிறார்கள், வீடு பார்க்கப் போகும்போது எதையெல்லாம் கேட்க வேண்டும் என்பதுதான் விஷயம். மூன்றடுக்குக் கண்ணாடி யன்னல், கூரைத்தட்டுக்கு ஆர் 60 என்கிற தடுப்பு அளவில் வெப்பக் காப்பு (இன்சுலேஷன்), காற்றுக் கசிவு எல்லாம் ஒருவாறு ஒப்பேறிவிட்டது. ஹீட் பம்பில் வந்து நிற்கிறேன்.

இலங்கைப் பாடநூல் பழக்கத்தில் 'வெப்பப் பம்பி' என்று போட்டு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "சுடுதண்ணி ஏத்துறதோ?" என்றா. இல்லையம்மா, வெளிக்காற்றில இருக்கிற சூட்டை எடுத்து வீட்டுக்குள்ள கொண்டு வாறது என்றேன். "வெளியில மைனஸ் இருவது. அங்க என்ன சூடு கிடக்கு?"

அந்தக் கேள்விக்குக் கொஞ்சமாவது மறுமொழி சொல்கிற சொல் ஒன்று வேண்டும். வெள்ளி காலை அச்சுக்குப் போகிறது.

வி., சென்னை. புதன் காலை

அக்கா, இதுக்குப் புதுசா யோசிக்கணுமா? பம்புக்கு 'எக்கி' என்று இணையத்தில் எழுதி எழுதிப் பழகிவிட்டது. வெப்ப எக்கி. சின்னச் சொல், தூய தமிழ், பன்மையும் வரும். முடிந்தது.

பேரா. ம., கோவை. புதன் முற்பகல்

முடியவில்லை தம்பி. அவசரம் வேண்டாம்.

எக்கு என்பது நல்ல வினை. வயிற்றை எக்குகிறோம், மதில்மேல் எக்கிப் பார்க்கிறோம். உள்ளிழுத்தலும் மேலெழுதலும் அதில் உண்டு. ஆகவே எக்கியை மறுக்கவில்லை, ஏற்கவே செய்கிறேன். ஆனால் ஒரு இடத்தில் கிடப்பதை இன்னோர் இடத்துக்கு மாற்றும் பொருள் 'இறை'யில்தான் முழுமையாக நிற்கிறது. வேளாண் துறையார் இன்றும் 'இறவைப் பாசனம்' என்றுதான் எழுதுகிறார்கள். எங்கள் பக்கம் மாடு பூட்டிக் கவலை இறைத்தவர்கள் யாரும் தண்ணீரை உண்டாக்கவில்லை, கிணற்றில் கிடந்ததை வாய்க்காலுக்கு மாற்றினார்கள். எனவே 'வெப்ப இறவை'.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பம்பி அயற்சொல் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பம்புதல் என்றால் செறிதல், பரவுதல் என்று அகராதியிலேயே இருக்கிறது. பம்பை என்னும் பறையை நினைத்துப் பாருங்கள். அயலார் நம்மிடம் கொண்டு நமக்கே திருப்பித் தந்த சொல்லாக இது ஏன் இருக்கக் கூடாது?

வி., சென்னை. புதன் முற்பகல்

ஐயா, மன்னிக்கவும், அந்தக் கணக்கில் பார்த்தால் 'பம்மாத்து'ம் அதே வேர்தான்.

த., ஒஸ்லோ. புதன் மதியம்

பேராசிரியர் ஐயா வேரைத் தோண்டிக்கொண்டிருக்கட்டும், நான் நோர்வேயில் நடப்பதைச் சொல்கிறேன். இங்கே பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் இந்தக் கருவி உண்டு. நோர்வேஜியத்தில் 'வர்மெபும்பெ'. சுவீடன்காரர், ஜெர்மன்காரர் எல்லோரும் பம்ப் என்ற சொல்லையே வைத்திருக்கிறார்கள். பின்லாந்துக்காரரைப் பாருங்கள். தொலைபேசிக்கு 'புஹெலின்', மின்சாரத்துக்கு 'சாஹ்கொ', கணினிக்கு 'தியெதொகொனெ' என்று பலவற்றுக்கும் சொந்தச் சொல் அடித்தவர்கள் அவர்கள். இதற்கோ 'லாம்பொபும்ப்பு' என்று விட்டுவிட்டார்கள். குளிரில் வாழ்கிறவனுக்குச் சொல்லைவிடச் சூடு முக்கியம்.

இது நேற்று வந்த பொருளும் இல்லை. 1852-இலேயே வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, இந்தக் கொள்கையை எழுதிவிட்டார். அதன்பின் சில ஆண்டுகளில் ஆஸ்திரியாவில் ரிட்டிங்கர் என்பவர் உப்பு உலர்த்த ஒன்றைக் கட்டி ஓட்டினார்.

யோ., பிராம்டன். புதன் இரவு

நான் இந்த மெஷினைப் பூட்டுகிற ஆள். இலக்கணம் தெரியாது, பிழை இருந்தால் பொறுக்கவும்.

சனம் கேட்கிறது ரெண்டே கேள்வி. "குளிருக்க வேலை செய்யுமோ?" "பில் எவ்வளவு வரும்?" முதல் கேள்விக்கு நான் சொல்கிறது இதுதான். உள்ளே ஓடுகிற காஸ் ஒன்று இருக்கிறது. ஆர் 32 என்கிற வகை என்றால் அது சைபருக்குக் கீழே 50 பாகையிலேயே கொதிக்கும். அதுக்கு மைனஸ் 20 காற்று அடுப்பு மாதிரி. அந்தக் காற்றில் சூட்டை வாங்கிக் கொதிச்சு ஆவியாகும். கொம்பிரசர் அதை அமத்த இன்னும் சூடேறும். வீட்டுக்குள் வந்து சூட்டை விட்டுவிட்டுத் திரும்பத் திரவமாகிப் போகும். கோடையில் அதே மெஷின் மறுபக்கம் ஓடி வீட்டுச் சூட்டை வெளியில் தள்ளும். அப்ப அது ஏசி.

ரெண்டாவது கேள்வி. எரிவாயு ஃபர்னஸ் எவ்வளவு நல்லதென்றாலும் எரிக்கிற 100 பங்கில் 100-ஐத் தாண்டிச் சூடு தராது. இது வெளியில் 8 பாகை நிற்கும்போது ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் அளவு சூடு தரும். மைனஸ் 15-இல் ரெண்டு அளவுக்கு இறங்கும். குளிர்நாட்டுக்கென்று செய்தது மைனஸ் 25-இலும் ஓடும்.

போன மாசம் ஒரு வீட்டுக்காரர் பதறி அடித்துக்கொண்டு போன் எடுத்தார், "பின்னால மெஷின் எரியுது" என்று. போய்ப் பார்த்தால் வெளிப்பெட்டியில் பிடித்த உறைபனியை அது தானே உருக்கிக்கொண்டு நிற்கிறது. மேலால் ஆவி புகை மாதிரிக் கிளம்புது. வீடு பார்க்கப் போகிறவர்கள் இதைக் கண்டு பயப்படக் கூடாது என்று கையேட்டில் ஒரு வரி போடுங்கோ அக்கா. பெயர் என்னவாவது வையுங்கோ.

ச., ஸ்காபரோ. புதன் இரவு

யோ. தம்பி, இவ்வளவு தெளிவாக மூலக் கையேட்டிலேயே இல்லை. உங்கள் ஆவி வரி உள்ளே போகிறது.

வாசிக்கும்போது எனக்குத் துலாதான், கிணற்றில் தண்ணி இறைக்கிற ஏற்றம்தான், கண்ணுக்குள் வந்தது. எங்கள் வளவுக் கிணற்றில் அப்பு துலா மிதிப்பார், மாமா பட்டையை, தண்ணி அள்ளுகிற வாளியை, பிடித்து இறைப்பார். மிதிக்கிறவருக்குத்தான் களைப்பு, ஆனால் அவர் ஒரு சொட்டுத் தண்ணியும் உண்டாக்குவதில்லை. அவர் கொம்பிரசர். மாரியில் தண்ணி மேலே நிற்கும், நாலு மிதியில் பட்டை நிரம்பி வரும். பங்குனி, சித்திரையில் அடியில் கிடக்கும், அதே பட்டைக்கு எத்தனையோ மிதி. வெளியில் குளிர் கூடக் கூட ஒரு யூனிட்டுக்கு மூன்று ரெண்டாகிறது அதனால்தானே? கிணறு ஆழமாகிறது.

'வெப்பத் துலா'?

பேரா. ம., கோவை. வியாழன் காலை

அம்மா, அருமை. ஆனால் துலா என்றால் இங்கே எல்லோருக்கும் தராசும் ராசியும்தான் நினைவுக்கு வரும்.

வி., சென்னை. வியாழன் காலை

எனக்கு உடனே 'துலாம் ராசி நேயர்களே' என்றுதான் கேட்டது. சரி, 'வெப்ப ஏற்றி'?

த., ஒஸ்லோ. வியாழன் காலை

ஏற்றி என்றால் சூடேற்றி, ஹீட்டர். நாம் 'இது ஹீட்டர் இல்லை' என்று சொல்லத்தானே இத்தனை மடல்? 'வெப்பமாற்றி'யும் வேண்டாம். அது ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்கிற வேறு கருவிக்கு ஏற்கெனவே போய்விட்டது, இந்தக் கருவிக்குள்ளேயே அது இரண்டு இருக்கிறது. 'இறைப்பி' என்று ஒன்றை நானே யோசித்தேன், கைப்பேசி அதை 'இறைச்சி' என்று திருத்திவிட்டது. கைவிட்டேன்.

ச., ஸ்காபரோ. வியாழன் முற்பகல்

இன்னொரு தலையிடி. 'வெப்பக் காப்பு' என்று போட்டிருந்தேன். மூன்றாம் பக்கத்தில் 'வீட்டுக் காப்புறுதி' வருகிறது. படித்துப் பார்த்தவர் ரெண்டையும் ஒன்றாக்கி, "கூரைக்கும் இன்சூரன்ஸ் தனியாக எடுக்க வேணுமோ?" என்று கேட்டார். தமிழ்நாட்டில் 'காப்பீடு' என்பதால் உங்களுக்கு அவ்வளவு இடறாது. பள்ளியில் படித்த 'காவலி'க்குப் போகவா?

வி., சென்னை. வியாழன் முற்பகல்

காவலி எங்களுக்குப் புரியாது. எங்கள் புத்தகத்தில் 'அரிதிற்கடத்தி'. அதைச் சொல்லி முடிப்பதற்குள் வீடே குளிர்ந்துவிடும்.

பேரா. ம., கோவை. வியாழன் பிற்பகல்

குளிர்வீடு என்றதும் நெடுநல்வாடையை நினைக்காமல் இருக்க முடியுமா? வேனிற்காலத்துப் படுக்கையறைக்குத் தென்றலைக் கொண்டுவரும் சாளரத்தைக் கூதிர்க்காலத்தில் என்ன செய்தார்கள்? 'போர்வாய்க் கதவம் தாழொடு துறப்ப', தாழிட்டு அடைத்தார்கள். இரு கதவும் ஒன்றோடொன்று பொருந்தி மோதும் வாய் உடையது போர்வாய். நீங்கள் காற்றுக்கசிவு காற்றுக்கசிவு என்று எழுதுகிறீர்களே, கசியாத தன்மைக்கு நக்கீரர் சொல்லிலிருந்தே ஒன்று ஆக்கலாம்: போர்வாய்மை. அடுத்த சில அடியிலேயே 'பகுவாய்த் தடவிற் செந்நெருப்பு'. தடவு என்றால் கணப்புச் சட்டி. ஃபர்னஸுக்குத் தடவு என்று வையுங்கள்!

யோ., பிராம்டன். வியாழன் பிற்பகல்

ஐயா, "தடவு பழுதாப் போச்சு, வந்து பாருங்கோ" என்று ஒரு பொம்பிளை போன் எடுத்தால் நான் என்னெண்டு போறது?

த., ஒஸ்லோ. வியாழன் மாலை

சிரித்து முடித்தபின் ஒன்று சொல்கிறேன். போர்வாய் எனக்குப் பிடித்திருக்கிறது. 1977-இல் கனடாவின் ரெஜைனாவில் கட்டிய சஸ்காச்சுவான் சேமிப்பு வீட்டின் வெற்றியில் பெரும்பங்கு இந்தக் காற்றிறுக்கத்துக்குத்தான். தடித்த சுவர் மட்டும் போதாது என்று காட்டிய வீடு அது. வாசலில் விசிறி வைத்து 50 பாஸ்கல் அழுத்தத்தில் கசிவை அளக்கிற சோதனை இருக்கிறதே, அதற்குப் 'போர்வாய்ச் சோதனை' என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடிக்குறிப்பு இல்லாமல் ஒருவருக்கும் விளங்காது. சண்டைக்குப் போகிற மாதிரியும் இருக்கும்.

பேரா. ம., கோவை. வியாழன் இரவு

விளங்கவில்லை, விளங்கவில்லை என்றே நாற்பது ஆண்டாகக் கேட்கிறேன். கணினியும் ஒரு காலத்தில் விளங்காமல்தான் இருந்தது. சொல் விளங்குவது புழங்குவதால். புழங்கவே விடாமல் விளங்கவில்லை என்றால் எப்படி?

ச., ஸ்காபரோ. வியாழன் இரவு

ஐயா, உங்களோடு வாதாட எனக்குத் தகுதி இல்லை. ஆனால் இந்தக் கையேட்டை வாசிக்கப் போகிறவர்களை எனக்குத் தெரியும். என் உறவுக்காரர் ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்த ஆளிடம் இதே கருவிக்கு வாடகை ஒப்பந்தம் எழுதினார். ஒப்பந்தத்தில் இருந்த பெயர் அவருக்கு விளங்கவில்லை, அவர் கேட்கவும் இல்லை. வீட்டை விற்கப் போனபோதுதான் காணி உறுதியில் அந்தக் கடனைப் பதிந்திருந்தது தெரிந்தது. ஒன்ராறியோவில் அப்படிப் பதிகிறதை 2024-இல் சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். அதற்குள் அவர் பட்டது பட்டதுதான். தாளில் அச்சடித்திருக்கிற சொல்லும், விற்பவன் வாயில் வருகிற சொல்லும், தமிழ்ச் சொல்லும் ஒன்றையொன்று அடையாளம் காட்ட வேண்டும். இறவை என்று மட்டும் போட்டால் அந்த ஒப்பந்தத்தில் இருப்பது இதுதான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

த., ஒஸ்லோ. வியாழன் இரவு

பம்பிக்கு என் வாக்கு.

வி., சென்னை. வியாழன் நள்ளிரவு

எக்கிதான் சரி என்று இன்னும் நினைக்கிறேன். ஆனால் அக்கா சொன்னதைப் படித்தபின் இந்தக் கையேட்டுக்கு மட்டும் பம்பி. தூக்கம் வருகிறது.

ச., ஸ்காபரோ. வெள்ளி காலை

அச்சுக்கு அனுப்பிவிட்டேன். தலைப்பில் 'ஹீட் பம்ப்', அடுத்த வரியில் 'வெப்பப் பம்பி', கீழே பெட்டிக்குள் துலாவை வைத்து நாலு வரி விளக்கம். காப்பை 'வெப்பக் காப்பு உறை' என்று நீட்டிவிட்டேன், காப்புறுதியோடு முட்டாது. ஆவி வரி ஐந்தாம் பக்கத்தில். எல்லோருக்கும் நன்றி.

பேரா. ம., கோவை. வெள்ளி மாலை

துலாப் பெட்டி மகிழ்ச்சி. பம்பிக்கு நான் உடன்படவில்லை என்பதை மட்டும் பதிவுசெய்துகொள்க. பம்பு, பம்பை, பம்பல் மூன்றையும் சேர்த்து ஒரு நீண்ட மடல் எழுதிக்கொண்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன். இறவையை யாரும் இன்னும் இலக்கண வழியில் மறுக்கவில்லை.