சீனப் பாரம்பரிய மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள் இருக்கிறீர்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நான் மலேசியாவின் ஈப்போக்காரி. படித்தது சீன ஆரம்பப் பள்ளி என்பதால் மாண்டரின் எழுதப் படிக்க வரும்; பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடியதில் குவாங்சோ பக்கத்துச் சீனப் பேச்சான கண்டோனீஸும் ஒட்டிக்கொண்டது. குவாங்சோ சீன மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டுப் பட்டப்படிப்பு முடித்தேன். 1956இல் சீன அரசு முதலில் தொடங்கிய நான்கு சீன மருத்துவக் கல்லூரிகளில் அதுவும் ஒன்று. மற்ற மூன்றும் பெய்ஜிங், ஷாங்ஹாய், செங்டு.

ஊசி, மூலிகை, நாடி மட்டும்தான் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு முதல் அதிர்ச்சி உடற்கூறியல். உடலியங்கியல், மருந்தியல், எக்ஸ்ரே பார்ப்பது எல்லாமே உண்டு. அடுத்தது மனப்பாடம். காலையில் எந்தப் படிக்கட்டில் பார்த்தாலும் யாராவது வாய்விட்டு ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள். வாங் ஆங் என்பவர் 1694இலேயே மருந்துக் கலவைகளைப் பாட்டாகக் கட்டி வைத்துவிட்டார். அதைச் சொல்லிச் சொல்லித்தான் இன்றைக்கும் மனதில் ஏற்றுகிறார்கள். ஒன்றோடொன்று சேரக்கூடாத சரக்குகளுக்குத் தனியாக ஒரு பாட்டு: அதிமதுரத்தோடு இன்ன கடற்பாசி கூடாது என்பது மாதிரி. நம் சித்தர் பாடல்களும் இதே வேலையைத்தானே செய்தன. மருத்துவ நூல்களின் பழைய சீன மொழி என்னை மட்டுமில்லை, சீன மாணவர்களையே அழ வைத்தது.

மூலிகை அடையாளத் தேர்வு எனக்குப் பிடித்தது. எண் போட்ட தட்டுகளில் காய்ந்த சரக்கு இருக்கும். பார்த்து, முகர்ந்து பெயர் எழுத வேண்டும். டாங்குயி, டுஹுவோ என்று இரண்டு வேர்கள், சீவி வைத்தால் அண்ணன் தம்பி போல இருக்கும், அங்கே எல்லோரும் திணறுவோம். ஆனால் கடுக்காய், திப்பிலி, ஜாதிக்காய், கிராம்பு எல்லாம் அவர்களுடைய மருந்துப் பட்டியலிலும் இருக்கின்றன. பெருங்காயம்கூட! அந்தத் தட்டு வந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கோ பசி எடுத்தது.

ஊசியை முதலில் மடித்த காகிதத்தில் குத்திப் பழகினோம், பிறகு பஞ்சில், அப்புறம் சொந்தக் காலில். 361 புள்ளிகள். முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் தள்ளி இருக்கும் ட்சூசான்லிதான் எல்லோருக்கும் முதல் புள்ளி. அந்த நான்கு விரல் நம்முடையது இல்லை, நோயாளியுடையது. அளவுகோல் அவரவர் உடம்பிலேயே இருக்கிறது. 1027இல் சோங் அரசு காலத்தில் செய்த வெண்கல மனிதனைப் பற்றி ஆசிரியர் சொன்னார். மேலே மெழுகு பூசி, உள்ளே நீர் நிரப்பி வைப்பார்களாம். மாணவன் சரியான இடத்தில் குத்தினால் நீர் வரும். எங்களுக்கு அந்த வசதி இல்லை. சக மாணவி 'ஆ' என்று கத்தினால் தப்பு, 'கனக்கிறது, மரத்துப்போகிறது' என்றால் சரி.

கடைசி ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி. என் குழுவில் பாதிப் பேர் வடக்கிலிருந்து வந்தவர்கள், கண்டோனீஸ் சுத்தமாகத் தெரியாது. வருகிற வயதானவர்களோ வேறு எதுவும் பேச மாட்டார்கள். வாய் கசக்கிறது, ராத்திரி தூக்கமில்லை, வயிறு சரியில்லை என்று ஒரு போபோ (பாட்டி) மூச்சுவிடாமல் அடுக்கினார். சீனப் பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கிறார்கள்! நான் மாண்டரினில் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஆசிரியர் சிரித்துவிட்டார். போபோ என்னைக் கூர்ந்து பார்த்து, "ஹாங்காங் பெண்ணா நீ?" என்றார். ஈப்போ என்றதும் அவருக்குத் திருப்தி. கையை என்னிடமே நீட்டினார்.

நாடி பார்த்தே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள் என்பது கதை. முகத்தையும் நாக்கையும் பார்ப்பது, குரலைக் கேட்பது, முகர்வது, விசாரிப்பது எல்லாம் முடிந்து கடைசியில்தான் நாடி. நம் வைத்தியர் மூன்று விரலில் வாதம், பித்தம், கபம் பார்ப்பார். இவர்கள் இடது கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம்; வலது கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடி சிறுநீரகம். அது விரலுக்குப் பிடிபட ஆண்டுகள் ஆகும். எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

பட்டமளிப்பு ஜூன் மாதம். குவாங்சோவில் அப்போது மழையும் புழுக்கமும் சேர்ந்தே இருக்கும், அதற்கு மேல் கறுப்பு அங்கி. மருத்துவத்துக்கு வெள்ளைப் பட்டை. தாங் காலத்து மருத்துவர் சுன் சிமியாவ் எழுதிய மருத்துவ அறத்தை எல்லோரும் சேர்ந்து ஒப்பித்தோம். பணக்காரன், ஏழை, உள்ளூர்க்காரன், வெளியூர்க்காரன் என்று பிரிக்காமல் எல்லோரையும் சொந்தமாகப் பார் என்று வரும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. பட்டுச்சேலையில் வந்திருந்த அம்மாவோடு படம் எடுக்க என் வகுப்பே வரிசையில் நின்றது, என்னோடு யாரும் எடுக்கவில்லை.

* * *

அக்கா, நான் மதுரை. சீனாவில் எம்.பி.பி.எஸ். எங்களுக்கும் சீன மருத்துவம் ஒரு பாடம். நண்பன் முதுகில் கப்பிங் (தோலை உறிஞ்சிப் பிடிக்கும் கிண்ணம்) வைத்துப் பழகி, அந்த வட்டத் தழும்போடு அவன் வீடியோ காலில் அம்மாவிடம் மாட்டிக்கொண்டான். 2020 தொடக்கத்தில் ஊருக்கு வந்தோம், கொரோனாவால் திரும்பிப் போக முடியவில்லை. பட்டமளிப்பும் ஆன்லைனில்தான்; அங்கி இல்லை, வேட்டியோடு உட்கார்ந்திருந்தேன். மலேசியாவில் உங்கள் பட்டம் செல்லுமா?

* * *

செல்லும் தம்பி, ஆனால் பட்டம் மட்டும் போதாது. 2016இல் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம் வந்தது, அதன்படிப் பதிவு செய்தால்தான் தொழில் செய்யலாம். சீனாவிலேயே மருத்துவம் பார்க்க வேண்டுமென்றால் பட்டம் வாங்கி ஓராண்டு மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு உரிமத் தேர்வு எழுத வேண்டும். நண்பனிடம் சொல்லுங்கள், கப்பிங் தழும்பு ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும்.