எண்ணூர் சாலையிலேயே கொதிக்கும் கேரவன், தனோட் வரை போகுமா?

தண்டையார்பேட்டைக்காரன்:
பதினோரு வருடப் பழைய டீசல் வேனை வாங்கி, ஒன்றரை வருடமாகத் தட்டிக்கொட்டிக் கேரவனாக்கியிருக்கிறேன். நான்கு படுக்கை, ஓர் அடுப்பு, அறுபது லிட்டர் தண்ணீர்த் தொட்டி. மே விடுமுறையில் ராஜஸ்தானுக்கு: ஜோத்பூர், ஜெய்சால்மர், அங்கிருந்து பாகிஸ்தான் எல்லையோரம் இருக்கும் தனோட் வரை போக ஆசை. ஒத்திகையாகப் போன ஞாயிறு குடும்பத்தோடு எண்ணூர் போனோம். திரும்பும்போது துறைமுகத்துக்கு வரிசைகட்டும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் ஊர்ந்ததில் வெப்பமுள் சிவப்பைத் தொட்டு, முன்பக்கமெல்லாம் ஆவி. மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. பாலைவனத்தில் இப்படி நின்றால் என்ன செய்வது? என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

மணலி டிரெய்லர்:
தம்பி, எடுத்துப்போவதெல்லாம் அப்புறம். இதே வண்டி கும்மிடிப்பூண்டி சாலையில் எண்பதில் போனால் கொதிக்கிறதா? கொதிக்காது என்றே நினைக்கிறேன். ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டரில் மோதும். ஊரும்போது விசிறிதான் கதி. பெல்ட் தளர்ந்திருக்கும், இல்லையேல் விசிறியின் கிளட்ச் போயிருக்கும். வேகத்தில் கொதித்தால்தான் ரேடியேட்டர் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

மணலில் வண்டி இரண்டாவது கியரில் முக்கி முனகித்தான் நகரும். இன்ஜினுக்கு முழுச் சுமை, எதிர்க்காற்று கிடையாது. உங்கள் எண்ணூர் வரிசையைவிட மோசம்.

இருபத்தாறு வருடம் ஓட்டியவன், பார்மர் பக்கம் இரண்டு தடவை நின்றிருக்கிறேன். முள் ஏறினால் ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுதாகத் திறங்கள். பிள்ளைகள் கத்துவார்கள், கத்தட்டும்; இன்ஜினின் சூடுதான் அந்த வழியாக வெளியேறுகிறது. காற்று வரும் திசைக்கு வண்டியின் முகத்தைத் திருப்பி நிறுத்துங்கள். ஹோஸ் வெடிக்காமல், தண்ணீர் ஒழுகாமல் இருந்தால் உடனே அணைக்காமல் சும்மா ஓடவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. என்னோடு வந்த கிளீனர் பையன் அவசரப்பட்டுத் திறந்து முன்கைத் தோலை இழந்தான்.

அப்புறம், மே மாதமா? ஜெய்சால்மர் ரயில் பாதையில் பலோடி என்று ஓர் ஊர். 2016 மே 19 அன்று அங்கே 51 டிகிரி. அரையாண்டு விடுமுறையில் போங்கள்.

மூலக்கடை டயர்:
விசிறியை அண்ணன் பார்த்துவிட்டார், நான் டயருக்கு வருகிறேன். கேரவன் டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடும். தரையைத் தொடும் பட்டன் புதிதுபோல இருக்கும், பக்கவாட்டில் கீறல் ஓடியிருக்கும். அங்கே நான்கு இலக்க எண் இருக்கிறது. 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. வெயிலில் அழுத்தம் ஏறிவிட்டதென்று வழியில் காற்றைப் பிடுங்காதீர்கள். காலையில், டயர் ஆறியிருக்கும்போது அளந்ததுதான் கணக்கு. மணலில் இறங்கினால் மட்டும் குறையுங்கள், சாலை ஏறுமுன் திரும்ப நிரப்ப 12 வோல்ட் கம்பரசர் வேண்டும். ஜாக்கி மணலில் புதையும். காசிமேட்டில் படகு கட்டும் இடத்தில் இரண்டடிப் பலகைத் துண்டு கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டையார்பேட்டைக்காரன்:
ஐயா, பெல்ட்டேதான். கட்டைவிரலால் அழுத்தினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அமுங்கியது, உள்பக்கமெல்லாம் வெடிப்பு. மாற்றிவிட்டு நேற்று அதே வரிசையில் வேண்டுமென்றே போய் மாட்டிக்கொண்டேன். ஒரு மணி நேரம், முள் பாதியைத் தாண்டவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். டயரில் 1415 என்றிருக்கிறது. வண்டியோடு பிறந்தவை! ஸ்டெப்னியும் சேர்த்து மாற்றப்போகிறேன். பயணம் டிசம்பரில்.

மணலி டிரெய்லர்:
இன்னொரு பெல்ட் வாங்கி இருக்கைக்கு அடியில் போடுங்கள். கூடவே மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், நான்கு கிளாம்ப், ஒரு டீசல் ஃபில்டர். ஜெய்சால்மரிலிருந்து தனோட் சுமார் 120 கிலோமீட்டர். டீசலை ஜெய்சால்மரிலேயே நிரப்பிவிடுங்கள். குடிக்கும் தண்ணீரைத் தனிக் கேன்களில் வையுங்கள், அந்த அறுபது லிட்டர் ரேடியேட்டருக்கு. எங்கே நின்றாலும் வண்டியை விட்டு உதவி தேடி நடக்காதீர்கள். தங்கச்சியிடம் பெல்ட் மாற்றிய விஷயத்தைச் சொல்லியாயிற்றா?